நாலு டன் உப்பு

உங்கள் வீட்டில் ஒரு டெடி பியர் இருக்கலாம். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கட்டாயம் இருக்கும். பஞ்சு அடைத்த வயிறு, பொத்தான் கண், காது பிய்ந்து தொங்கினாலும் தூக்கிப்போட மனசு வராத பொம்மை. அந்தப் பெயரில் இருக்கிற 'டெடி' யார் தெரியுமோ? அமெரிக்காவின் 26-வது அதிபர், தியோடர் ரூஸ்வெல்ட். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இல்லை. இவர் அவருக்கு முந்தையவர், தூரத்துச் சொந்தம்.

1902 நவம்பரில் மிஸிஸிப்பிக் காட்டுக்குக் கரடி வேட்டைக்குப் போனார் டெடி. கூட வந்தவர்களுக்கெல்லாம் கரடி மாட்டியது, அதிபருக்கு மட்டும் மாட்டவில்லை. வேட்டைக்கு வழிகாட்டியாக வந்தவர் ஹோல்ட் கோலியர். அடிமையாகப் பிறந்து, கரடி வேட்டையில் கரைகண்ட கறுப்பினத்தவர். அவர் ஒரு கரடியைத் துரத்திப் பிடித்து, துப்பாக்கிக் கட்டையால் மண்டையில் ஒரு போடு போட்டு, மரத்தில் கட்டிவைத்துவிட்டு அதிபருக்கு ஆள் அனுப்பினார். 'வந்து சுடுங்கள்.'

ரூஸ்வெல்ட் வந்தார், பார்த்தார், முடியாது என்றுவிட்டார். கட்டிப்போட்ட மிருகத்தைச் சுடுவது வேட்டைக்காரனுக்கு அழகில்லை. இந்தச் செய்தியை வைத்து 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையில் கிளிஃபர்ட் பெர்ரிமன் ஒரு கார்ட்டூன் போட்டார். அதைப் பார்த்து புரூக்ளினில் ஒரு கடைக்காரர் துணியில் கரடி பொம்மை செய்து, 'டெடியின் கரடி' என்று பெயர் வைத்து விற்க ஆரம்பித்தார். அப்புறம் நடந்ததெல்லாம் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

இதில் பொம்மைக் கடைக்காரர்கள் சொல்லாமல் விட்ட ஒரு வரி உண்டு. அந்தக் கரடி பிழைக்கவில்லை. அடிபட்டுத் துடித்துக்கொண்டிருந்ததால் அதன் கதையை முடித்துவிடச் சொன்னார் அதிபர். கத்தியால் முடித்தார்கள்.

அந்த ஒரு வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் ஏழு வருஷம் கழித்து இதே டெடி, பெற்ற பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கப்பலேறி ஆப்பிரிக்காவுக்குப் போனார். அமெரிக்கக் காடுகளில் வருஷக்கணக்காக வேட்டையாடியவர்தான். ஆனால் சிங்கம், யானை, காண்டாமிருகம் இருக்கிற தூர தேசத்துக்கு வேட்டைக்கென்று போனது அதுதான் முதல் முறை. திரும்பி வரும்போது அப்பா சுட்டது 296, பிள்ளை சுட்டது 216. ஆகமொத்தம் 512.

கட்டிவைத்த ஒரு கரடியைச் சுட மறுத்த அதே கை!

போலி வேஷம் என்று சட்டென்று தீர்ப்பு சொல்லிவிடலாம். சொன்னால் சுலபமாக முடிந்துவிடும், ஆனால் தப்பாக முடியும்.

நியூயார்க்கின் பணக்கார வீட்டில் ஆஸ்துமாவோடு மூச்சுத் திணறி வளர்ந்த பிள்ளை அவர். சின்ன வயதில் கடைத்தெருவில் செத்த கடல்நாய் ஒன்றைப் பார்த்தார். அதன் மண்டையோட்டைக் கேட்டு வாங்கிவந்து, வீட்டிலேயே 'ரூஸ்வெல்ட் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம்' என்று ஒன்றை ஆரம்பித்தார். எலி, பறவை, பூச்சி என்று வீடெல்லாம் நாற்றம். பறவைகளைப் பதம் செய்து பஞ்சடைக்க முறையாகப் பாடமே எடுத்துக்கொண்டார்.

1901-ல் அதிபர் ஆனார். ஏழரை வருஷ ஆட்சியில் சுமார் 23 கோடி ஏக்கர் நிலத்தைக் காடு, சரணாலயம், தேசியப் பூங்கா என்று அரசுப் பாதுகாப்பில் கொண்டுவந்தார். தமிழ்நாட்டைப்போல் ஏழு மடங்கு! மரக் கம்பெனிகளும் சுரங்க முதலாளிகளும் பல்லைக் கடித்தார்கள். மனுஷன் அசரவில்லை. உலகத்தில் வேறெந்தத் தலைவரும் அதுவரை காட்டுக்காக இவ்வளவு செய்ததில்லை.

காட்டைக் காப்பாற்றுவதும் காட்டில் சுடுவதும் அவருக்கு எதிரெதிரான சமாசாரமாகவே தோன்றவில்லை. அன்றைக்கு 'விலங்குகளைக் காப்பாற்றுங்கள்' என்று குரல் கொடுத்தவர்களில் பாதிப்பேர் வேட்டைக்காரர்கள். சுடுவதற்கு மிருகம் மிச்சம் இருக்க வேண்டுமே என்று கவலைப்பட ஆரம்பித்து, பிறகு மிருகத்துக்காகவே கவலைப்பட்டவர்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் மேற்கொண்டு போனால் கதை விளங்காது.

1909 மார்ச் 4. பதவி முடிந்தது. வயது 50. தன் சிஷ்யர் டாஃப்டை நாற்காலியில் உட்காரவைத்தாகிவிட்டது. பக்கத்திலேயே இருந்தால் தினமும் பத்திரிகைக்காரர்கள் வந்து 'புது அதிபர் எப்படி?' என்று வாயைக் கிளறுவார்கள். ஆகவே கண்காணாத இடத்துக்குப் போய்விடுவது உத்தமம். எங்கே போகலாம்? சின்ன வயதிலிருந்தே புத்தகத்தில் பார்த்த ஆப்பிரிக்கா.

வெறுமனே வேட்டைக்குப் போனால் ஊர் ஏசும். எனவே வாஷிங்டனில் இருக்கும் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். 'ஆப்பிரிக்கா போகிறேன். உங்கள் அருங்காட்சியகத்துக்கு மிருகங்கள் கொண்டுவந்து தரவா? விலங்கியல் ஆட்களைக் கூட அனுப்புங்கள்' என்கிற மாதிரி. அவர்களுக்குக் கசக்குமா? அப்போதுதான் புதிதாகப் பிரம்மாண்டமான கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே நிரப்ப ஆப்பிரிக்கச் சரக்கு அதிகம் இல்லை. எட்கர் மேர்ன்ஸ், எட்மண்ட் ஹெல்லர், ஆல்டன் லோரிங் என்று மூன்று நிபுணர்களைச் சேர்த்துவிட்டார்கள். அவர்கள் செலவுக்கு நன்கொடை திரட்டப்பட்டது. இரும்புச் சக்கரவர்த்தி கார்னகியும் கொடுத்தார்.

தன் செலவும் பையன் கெர்மிட்டின் செலவும் தன்னுடையது என்றார் ரூஸ்வெல்ட். பணம்? இங்கேதான் ஆசாமியின் சாமர்த்தியம். பயண அனுபவங்களைக் கட்டுரையாக எழுதித்தர 'ஸ்கிரிப்னர்ஸ்' பத்திரிகை 50 ஆயிரம் டாலர் தர ஒப்புக்கொண்டது. புத்தகமாக வரும்போது ராயல்டி தனி. அமெரிக்க அதிபரின் அப்போதைய சம்பளம் எவ்வளவு தெரியுமா? வருஷத்துக்கு அதே 50 ஆயிரம். நாட்டை ஆண்டால் கிடைப்பது சிங்கத்தைச் சுட்டு எழுதினாலும் கிடைக்கிறது!

முதல் முறை தூர தேசத்துக்குப் போகிறவன் எப்படியெல்லாம் மூட்டை கட்டுவான்? நாமெல்லாம் ஊறுகாயும் புளியோதரையும் கட்டுவோம். ரூஸ்வெல்ட் கட்டியது: சிங்கத்துக்கென்று ஒரு .405 வின்செஸ்டர், ஒரு ஸ்பிரிங்ஃபீல்டு, யானைக்கென்று இங்கிலாந்து நண்பர்கள் பரிசளித்த ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் இரட்டைக் குழல் துப்பாக்கி. வெள்ளை மாளிகையில் இருக்கும்போதே குத்துச்சண்டை விளையாடப்போய் இடது கண்ணில் வாங்கிய குத்தில் அந்தக் கண்ணின் பார்வை போய்க்கொண்டிருந்தது. வெளியே மூச்சுவிடவில்லை. கண்ணாடி இல்லாமல் ஒன்றும் தெரியாது என்பதால் கண்ணாடிகளே பல ஜோடி.

அப்புறம் புத்தகங்கள். சுமார் 60. ஷேக்ஸ்பியர், ஹோமர், பைபிள் எல்லாம். சாதாரண அட்டை வியர்வையிலும் ரத்தத்திலும் ஊறிப்போகும் என்று எல்லாவற்றுக்கும் பன்றித் தோலில் பைண்டிங். பெட்டியோடு சேர்த்து 60 பவுண்டு எடை. அந்த 60-க்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு கூலியாள் தலையில் ஏற்றுகிற சுமை அவ்வளவுதான். அதாவது அதிபரின் நூலகத்துக்கென்று ஒரு முழு மனிதன்.

எல்லாவற்றுக்கும் மேலே, உப்பு. 4 டன்!

சமையலுக்கா? இல்லை, தோலுக்கு. வெயில் தேசத்தில் ஒரு மிருகத்தைச் சுட்டால் சில மணி நேரத்தில் தோல் கெட ஆரம்பிக்கும். முடி கொத்துக்கொத்தாக உதிரும். உடனே உரித்து, ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சதையையும் சுரண்டி, உப்பைத் தேய்த்துக் காயவைத்தால்தான் கப்பலேறும். 4 டன் உப்பு எடுத்துப் போகிறவர் எத்தனை தோல் எதிர்பார்த்திருப்பார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன்பே எழுதப்பட்ட பட்ஜெட் அது.

1909 மார்ச் 23 அன்று ஹோபோகன் துறைமுகத்தில் கூட்டம் அலைமோத, கப்பல் புறப்பட்டது. பெரிய கம்பெனிகளை நீதிமன்றத்துக்கு இழுத்தவர் என்பதால் வால் ஸ்ட்ரீட்காரர்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது. 'ஒவ்வொரு சிங்கமும் தன் கடமையைச் செய்யட்டும்' என்று அங்கே கோப்பை உயர்த்திக் கொண்டாடினார்களாம். உண்மையோ பொய்யோ, இன்றுவரை சொல்கிறார்கள்.

நேப்பிள்ஸில் கப்பல் மாறி, ஏப்ரல் 21-ல் மொம்பாசா. அங்கிருந்து ரயில். எஞ்சினின் முன்னால், மாடு மோதாமல் தள்ளிவிடுவதற்காக வைத்திருக்கும் கம்பித் தட்டிக்கு மேலே ஒரு பலகை போட்டு உட்கார்ந்துகொண்டு வந்தார் அமெரிக்காவின் மாஜி அதிபர். இரண்டு பக்கமும் வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி. ஐம்பது வயசுக் குழந்தை!

அந்தத் தண்டவாளத்தைப் போட்டது யார்? நம்மாட்கள். மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை போகும் உகாண்டா ரயில்பாதையைப் போட, 1896-லிருந்து சுமார் 32 ஆயிரம் இந்தியத் தொழிலாளர்களை பிரிட்டிஷ் அரசு கப்பலில் கொண்டுபோனது. பெரும்பாலும் பஞ்சாபிகள். காய்ச்சலிலும் விபத்திலும் சுமார் 2,500 பேர் திரும்பவே இல்லை. 1898-ல் சாவோ ஆற்றுப் பாலம் கட்டும்போது இரண்டு சிங்கங்கள் மாதக்கணக்கில் கூடாரங்களுக்குள் புகுந்து ஆட்களை இழுத்துக்கொண்டு போயின. எஞ்சினியர் பேட்டர்ஸன் அந்தச் சிங்கங்களைச் சுட்ட கதையை 1907-ல் புத்தகமாக எழுதினார். ரூஸ்வெல்ட் ரசித்துப் படித்த புத்தகம் அது. சுட்டவர் பெயர் உலகத்துக்கே தெரியும். தின்னப்பட்டவர்கள் பெயர்?

இன்னொன்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். அந்த ஊரில் அப்போது புழங்கிய பணம் இந்திய ரூபாய். பவுனுக்கு 15 ரூபாய் கணக்கு. எனவே ரூஸ்வெல்டின் வேட்டைக் கணக்கை நம் பணத்திலேயே பார்க்கலாம்.

கபிடி சமவெளி ஸ்டேஷனில் இறங்கியபோது, ஒரு சின்ன ராணுவமே போருக்குப் புறப்படுவதுபோல் அவருக்கே தோன்றியது. வரிசையாகக் கூடாரங்கள். அவர் கூடாரத்தின் முன்னால் பெரிய அமெரிக்கக் கொடி. சுமை தூக்க 200-க்கும் அதிகமான கூலிகள். துப்பாக்கி தூக்க, குதிரையைப் பார்த்துக்கொள்ள, சமைக்க, தோலுரிக்க என்று தனித்தனி ஆட்கள். ஏற்பாடு நைரோபியின் நியூலேண்ட் அண்ட் டார்ல்டன் கம்பெனி. இன்றைக்கு டிராவல்ஸ்காரர்கள் செய்கிற 'பேக்கேஜ் டூர்' வேலையை அன்றைக்கே செய்தவர்கள்.

இந்த ஊர்வலத்துக்கு சுவாஹிலி மொழியில் பெயர் 'சஃபாரி'. பயணம் என்று அர்த்தம், அவ்வளவுதான். இந்திப் பாட்டில் வரும் 'சஃபர்' இருக்கிறதே, அதே அரபு வேர். நம்மூர் அதிகாரிகள் மாட்டிக்கொண்டு திரிந்த சஃபாரி சூட்டும், வண்டலூரில் கண்ணாடி ஜன்னல் வழியாகச் சிங்கம் பார்க்கும் சஃபாரியும் அங்கிருந்து வந்ததுதான். அந்தச் சொல்லை அமெரிக்காவின் சாப்பாட்டு மேஜை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்ததில் ரூஸ்வெல்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

கூலிகள் அவரை நேரில் 'புவானா மகூபா' என்று அழைத்தார்கள். பெரிய எஜமான். முதுகுக்குப் பின்னால் 'புவானா டும்போ'. தொந்தி எஜமான்! எல்லா ஊரிலும் முதலாளிக்கு இரண்டு பெயர்தான்.

இப்போது ரூபாய்க் கணக்குக்கு வாருங்கள். வெளியூர்க்காரர் அங்கே வேட்டையாட லைசென்ஸ் 50 பவுன். அதாவது 750 ரூபாய். 60 பவுண்டு சுமையைத் தலையில் வைத்துக்கொண்டு நாளெல்லாம் நடக்கும் கூலிக்கு மாதச் சம்பளம் சுமார் 10 ரூபாய். ஆறேகால் வருஷம் சாப்பிடாமல் கொள்ளாமல் சேர்த்தால் அவன் அந்த லைசென்ஸை வாங்கலாம். வேட்டைச் சட்டங்கள் வருவதற்கு முன்னால், அவன் பாட்டன் முப்பாட்டன் அதே காட்டில் ஈட்டியும் வில்லும் வைத்து வேட்டையாடித் தின்றவர்கள். இப்போது அதையே அவன் செய்தால் பெயர் வேறு. திருட்டு வேட்டை.

512 என்ற எண்ணைவிட இந்த 750-தான் என்னை அதிகம் உறுத்துகிறது. மிருகம் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. அதன்மேல் உரிமை மட்டும் கை மாறிவிட்டது.

சிங்கத்துக்கு மட்டும் அந்தச் சட்டத்தில் இடமில்லை. ஆடுமாடுகளை அடிப்பதால் அது எலி, பெருச்சாளி மாதிரித் தொல்லைப் பிராணிகள் பட்டியலில் இருந்தது. எத்தனை வேண்டுமானாலும் சுடலாம்.

முதல் சிங்கத்துக்காக ரூஸ்வெல்ட் தவித்த தவிப்பை அவரே எழுதியிருக்கிறார். ஆல்ஃபிரட் பீஸ் என்ற ஆங்கிலேயப் பிரபுவின் பண்ணையில் தங்கி, புதர் புதராகத் தட்டித் தேடினார்கள். ஒரு பள்ளத்தில் மஞ்சள் தோல் அசைந்தது. சுட்டார். ஓடிப்போய்ப் பார்த்தால் பெரிய நாய் அளவுக்கு இருந்த குட்டிகள். மனசு ஒடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். போகிற வழியில் இன்னொரு புதரைத் தட்டிப் பார்க்கலாமே என்றார் பீஸ். தட்டினார்கள். இரண்டு பெரிய ஆண் சிங்கங்கள். இரண்டையும் அன்றைக்கே வீழ்த்தினார். இரவு முகாமுக்குத் திரும்பும்போது கூலிகள் பாட்டும் கூத்துமாக வந்தார்கள்.

இதைவிடப் பெரிய கூத்து சிகாகோவில் நடந்தது. வில்லியம் செலிக் என்றொரு சினிமா முதலாளி. ரூஸ்வெல்ட் கூடவே போய்ப் படமெடுக்க முயற்சி செய்தார், நடக்கவில்லை. சளைக்காமல், சிகாகோ ஸ்டுடியோவிலேயே காடு செட் போட்டார். ரூஸ்வெல்ட் சாயலில் மீசையும் கண்ணாடியும் வைத்த ஒரு நடிகர். உள்ளூர்க் கறுப்பினத்தவர்களுக்கு ஆப்பிரிக்க வேஷம். விலைக்கு வாங்கிய ஒரு கிழச் சிங்கம். கேமரா முன்னால் அதை நிஜமாகவே சுட்டுக் கொன்று படமாக்கினார்கள். ரூஸ்வெல்ட் சிங்கம் சுட்டார் என்று தந்தி வரும்வரை டப்பாவில் வைத்திருந்து, வந்ததும் வெளியிட்டார்கள். படத்தில் ரூஸ்வெல்ட் பெயர் எங்கேயும் இல்லை. தேவைப்படவும் இல்லை. செம வசூல்! பின்னால் ஆப்பிரிக்காவிலேயே செரி கியர்டன் என்பவர் எடுத்த நிஜ ரூஸ்வெல்ட் படம் வந்தபோது, ஜனங்களுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

நிஜமான ஆபத்து கென்யா மலைச் சரிவில் வந்தது. கன்னிங்ஹாம் என்ற தேர்ந்த வேட்டைக்காரர் வழிகாட்ட, அடர்ந்த காட்டில் முதல் யானை. இரண்டு குழலையும் காலி செய்து கொம்பனை விழுத்தாட்டினார் ரூஸ்வெல்ட். மூச்சுவிடுவதற்குள் பக்கத்துப் புதரைப் பிளந்துகொண்டு இன்னொரு கொம்பன் வந்தது. தும்பிக்கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரம். துப்பாக்கியில் தோட்டா இல்லை. மரத்துக்குப் பின்னால் பாய்ந்தார். கன்னிங்ஹாம் சுட, அது திரும்பி ஓடியது. வால் ஸ்ட்ரீட் ஆசைப்பட்டது மயிரிழையில் தப்பியது.

அன்று ராத்திரி நெருப்பு மூட்டி, யானையின் இதயத்தைத் துண்டு போட்டுக் குச்சியில் வாட்டிச் சாப்பிட்டார். கூலிகளுக்கு வயிறு நிறைய இறைச்சி. மறுநாளிலிருந்து தோலுரிக்கும் வேலை. யானைத் தோல் என்றால் சும்மாவா? உரிப்பது ஒரு பாடு. உப்பு உள்ளே இறங்குவதற்காக உட்பக்கம் முழுக்கக் கத்தியால் சீவிச் சீவி மெல்லிசாக்குவது அதைவிடப் பெரும் பாடு. ஹெல்லரும் ஆட்களும் அதிலேயே கிடந்தார்கள். ரூஸ்வெல்ட் கூடாரத்தில் உட்கார்ந்து, கார்பன் வைத்துப் பென்சிலால் கட்டுரை எழுதினார். சுட்டது, தவறியது, எத்தனை தோட்டா வீண் என்று எதையும் மறைக்காமல் எழுதினார். அஞ்சல்காரன் ஓடினான். அமெரிக்காவில் மாதாமாதம் காத்திருந்து படித்தார்கள்.

1910 ஜனவரி. நைல் நதியின் மேற்குக் கரை, லாடோ என்ற பகுதி. பெல்ஜியம் மன்னர் லியோபோல்டின் பிடியில் இருந்த இடம். வந்ததற்கு ஒரே காரணம், வெள்ளைக் காண்டாமிருகம். அகலமான சதுர வாய், மாடு மாதிரிப் புல் மேயும் ஜாதி. அதில் தெற்கு இனம் தென்னாப்பிரிக்காவில் கிட்டத்தட்டத் தீர்ந்துபோயிருந்தது. வடக்கு இனத்துக்கு லாடோ ஒரு முக்கியமான வீடு. கொசு பிடுங்கியது. தலையில் வலை, கையில் உறை மாட்டிக்கொண்டு எழுதினார் ரூஸ்வெல்ட். கூட வந்தவர்கள் காய்ச்சலிலும் சீதபேதியிலும் விழுந்தார்கள்.

அந்த நாட்களைப் பற்றிய பக்கங்களில் அவர் ஒரு யோசனை சொல்கிறார். இந்த மிருகங்கள் எத்தனை இருக்கின்றன, எங்கெங்கே இருக்கின்றன என்று ஒழுங்காகக் கணக்கெடுக்கும்வரை இவற்றைக் கொல்வதற்குத் தடை போடுவது நல்லது. நியாயமான, தீர்க்கதரிசனமான யோசனை.

சொன்னவர் சுட்டது 5. பிள்ளை சுட்டது 4.

இதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரூஸ்வெல்ட் அதை மனசாரத்தான் எழுதினார். தடை வரவேண்டும் என்று நிஜமாகவே விரும்பினார். ஆனால் அந்தத் தடை தனக்குப் பிறகு ஆரம்பிக்கட்டும் என்று நினைத்தார். அழியப்போவதால்தான் அருங்காட்சியகத்துக்கு மாதிரி வேண்டும், மாதிரி வேண்டும் என்பதால் சுட வேண்டும். எங்கேயும் ஓட்டை இல்லாத தர்க்கம். ஒன்பது காண்டாமிருகம் செத்துப்போனது தவிர.

1910 மார்ச் 14. கார்ட்டூம் நகரில் மனைவியும் மகளும் காத்திருந்தார்கள். பயணம் முடிந்தது. மே மாதம் நார்வேக்குப் போய், 1906-ல் கிடைத்த சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு ஏற்புரை ஆற்றினார். ஜூன் 18-ல் நியூயார்க்கில் ராஜ வரவேற்பு.

இனி ஐந்தொகை. 17 சிங்கம், 11 யானை, கறுப்பும் வெள்ளையுமாக 20 காண்டாமிருகம், 8 நீர்யானை... இப்படியாக 512. எலி, வௌவால், பறவை, பாம்பு என்று நிபுணர்கள் சேகரித்ததையும் கூட்டினால் 11 ஆயிரத்துக்கு மேல். பிரித்து, பெயர் எழுதி, அடுக்கி முடிக்க ஸ்மித்சோனியனுக்கு வருஷக்கணக்கானது. விமரிசனம் வரும் என்று அவருக்கே தெரியும். வேட்டைப் பட்டியலைத் தன் புத்தகத்திலேயே ஒளிக்காமல் அச்சிட்டு, 'எங்களுக்கென்று வைத்துக்கொண்டது ஒரு டஜன்தான். மீதியெல்லாம் அருங்காட்சியகத்துக்கும் சாப்பாட்டுக்கும்' என்று கணக்கும் காட்டினார். கணக்கு சரிதான். தணிக்கையாளர் யாரும் குறை சொல்ல முடியாது.

வரவு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்கா போகவே வாய்ப்பில்லாத லட்சக்கணக்கான குழந்தைகள் அந்தச் சிங்கங்களை வாஷிங்டனில் பார்த்து வளர்ந்தார்கள். விலங்கியல் ஆராய்ச்சிக்கு அது பெரிய சொத்து. இதெல்லாம் உண்மை.

செலவு பக்கத்தில் இருப்பது 512 மட்டும் இல்லை. இந்தக் கட்டுரைகளையும் புத்தகத்தையும் படித்த பணக்கார அமெரிக்கா, 'எனக்கும் ஒரு சஃபாரி' என்று கிளம்பிவிட்டது. ஒரு அதிபர் போனது அறிவியலுக்காக. பின்னால் போனவர்களில் பலருக்கு வரவேற்பறைச் சுவருக்கு ஒரு தலை வேண்டியிருந்தது. ரூஸ்வெல்டைப் படித்து வளர்ந்த ஹெமிங்வே 1933-ல் போனார். அவருக்கு வழிகாட்டிய ஃபிலிப் பெர்சிவல், 1909-ல் ரூஸ்வெல்டோடு சிங்கம் தேடிய இளைஞர்களில் ஒருவர். ஒரு தலைமுறையின் முதல் பயணம் அடுத்த தலைமுறைக்குத் தொழிலானது. கடைசியில் 1977-ல் வேட்டைக்கு முற்றிலும் தடை போட்டது கென்யா. இப்போது அங்கே சஃபாரி என்றால் கேமராதான்.

வெள்ளைக் காண்டாமிருகம் என்ன ஆயிற்று? தெற்கு இனம், தீர்ந்தது என்று நினைத்ததுதான், பாதுகாப்பில் பிழைத்துப் பல்லாயிரமாகப் பெருகியது. வடக்கு இனம் 1960 வாக்கில் இரண்டாயிரம் அளவில் இருந்தது. அடுத்த இருபது சொச்சம் வருஷத்தில் உள்நாட்டுப் போர்களும் கொம்புக்கான கள்ள வேட்டையும் அதைத் துடைத்தெடுத்தன. அதற்கு ரூஸ்வெல்ட் மேல் பழி போட முடியாது. அவர் சுட்டது ஒன்பதுதான். ஆனால் அவர் கேட்ட அந்தக் கணக்கெடுப்பும் தடையும் அன்றைக்கே ஒழுங்காக நடந்திருந்தால்?

2018 மார்ச் 19. கென்யா மலையின் அடிவாரத்துப் பக்கம், ஓல் பெஜெட்டா சரணாலயத்தில் 'சூடான்' என்ற கிழட்டுக் காண்டாமிருகம் இறந்தது. வடக்கு இனத்தின் கடைசி ஆண். மிஞ்சியது அதன் மகள் நாஜினும், பேத்தி ஃபாட்டுவும். இரண்டுமே குட்டி சுமக்க முடியாதவை. ஃபாட்டுவின் கருமுட்டையையும், செத்துப்போன ஆண்களிடமிருந்து எடுத்து உறையவைத்த விந்தையும் சேர்த்து, 2019-லிருந்து ஆய்வகத்தில் கரு உண்டாக்கிவருகிறார்கள். தெற்கு இனத்துப் பெண் எதையாவது வாடகைத் தாயாக்கி, ஒரு குட்டியாவது பார்த்துவிட மாட்டோமா என்று.

ராத்திரி பகலாக அவற்றுக்குக் காவல் உண்டு. துப்பாக்கி ஏந்திக் காவல் காப்பவர்கள் அந்த மண்ணின் ஆட்கள். அவர்களுடைய கொள்ளுத் தாத்தா யாராவது, பன்றித் தோல் பைண்டிங் போட்ட 60 பவுண்டு பெட்டியையோ, அந்த உப்பு மூட்டையையோ தலையில் சுமந்திருக்கலாம்.

அந்த 4 டன் உப்பு தன் வேலையைச் செவ்வனே செய்தது. தோல்கள் நூறு வருஷம் தாண்டியும் கெடவில்லை.